குளிர்காலக் குழுநடை: முதலில் கடற்கரையா, காடா?

கானல்நடை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் வாரத்தில் எங்கள் குழுவினர் 17 பேர் ஒரு நாள் நடை செல்ல இருக்கிறோம். வழி ஒரு வட்டம், மொத்தம் 11 கிலோமீட்டர். அதில் 6 கிலோமீட்டர் கடலோரம்; செங்குத்தான பாறைச் சுவரின் அடியில் மணலும் பாறையுமாகக் கிடக்கும் கரை. மீதி 5 கிலோமீட்டர், அந்தப் பாறைச் சுவருக்கு மேலே சற்று உள்தள்ளி இருக்கும் காட்டின் வழியே தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பாதை. குழுவில் மிக இளையவருக்கு 11 வயது. மூத்தவர் என் தாயார், 68 வயது.

காலை 10:30 மணிக்குக் காட்டிலிருந்து தொடங்கி, மதியம் 1 மணி அளவில் கரையில் இறங்கி, மாலை 4 மணிக்குச் சூரியன் மறையும்போது கடலோரத்தில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். அம்மாவுக்குக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. கரையை ஒட்டிய சோலையைக் கானல் என்று நம் முன்னோர் தனிப்பெயர் வைத்து அழைத்ததையும், நெய்தல் நிலத்துக்குச் சூரியன் சாயும் பொழுதாகிய எற்பாட்டைச் சிறுபொழுதாக வைத்ததையும் அவர்தாம் எனக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தவர். மணிக்கு 5 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் நடைக்கு இரண்டே கால் மணி நேரம்தான் தேவைப்படுகிறது. ஆகவே நேரம் தாராளமாக இருப்பதாக நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் இந்தத் திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓதக்கணக்கு

வணக்கம். கருத்துச் சொல்வதற்கு முன் மூன்று செய்திகள் தேவை. அன்று கடல் வற்றம் எத்தனை மணிக்கு, ஏற்றம் எத்தனை மணிக்கு? இரண்டுக்கும் இடையே நீர்மட்டம் எத்தனை மீட்டர் மாறுகிறது? பாறைச் சுவர் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் வழியில் உண்டா, அவற்றைச் சுற்றித்தான் போக வேண்டுமா?

கானல்நடை

நன்றி ஐயா. அந்தக் கரைக்கான ஓத அட்டவணையை இப்போதுதான் பார்த்தேன். வற்றம் காலை 11:40, ஏற்றம் மாலை 5:50, வித்தியாசம் ஏறத்தாழ 6 மீட்டர். பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். தொடங்கும் இடத்திலிருந்து 2 கிலோமீட்டரில் ஒரு முனை, 4 கிலோமீட்டரில் இன்னொரு முனை. இரண்டையும் மணலில் இறங்கிச் சுற்றித்தான் கடக்க வேண்டும். முனைகளுக்கு இடையில் மேலே ஏறப் படியோ பாதையோ கிடையாது.

ஓதக்கணக்கு

அப்படியானால் தங்கள் திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு போக வேண்டாம் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் கடலில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு 6 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் இந்த ஆறு மணி நேரமும் நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மாலுமிகள் வழிவழியாகப் பயன்படுத்தும் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு இதற்கு நல்ல உதவி: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1 பங்கு என்று நீர் உயர்கிறது. அதாவது நடுவிலுள்ள இரண்டே மணி நேரத்தில் பாதி ஏற்றம் நடந்துவிடுகிறது.

தங்கள் கரையில் இதைப் பொருத்திப் பாருங்கள். 11:40க்கு வற்றம். 12:40க்கு நீர் அரை மீட்டர் உயர்ந்திருக்கும். 1:40க்கு ஒன்றரை மீட்டர். 2:40க்கு 3 மீட்டர். 3:40க்கு நாலரை மீட்டர். தாங்கள் 1 மணிக்கு மணலில் இறங்கி, 17 பேரோடு மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வீதம் நடந்தால் இரண்டாவது முனையை 2:35 அளவில்தான் அடைவீர்கள். உணவுக்கும் படம் எடுப்பதற்கும் அரை மணி நேரம் நின்றால் 3:05 ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் கடல் மிக வேகமாக ஏறிக்கொண்டிருக்கும். பின்னால் திரும்பினால் முந்தைய முனையும் அடைபட்டிருக்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும் என்பது எல்லோரும் அறிந்ததே; பல கரைகளில் அந்த உச்சம் ஓரிரு நாள் தாமதித்து வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கள் நாள் அந்த உச்சத்திலேயே விழுகிறது. இன்னொன்று: அட்டவணையில் உள்ள எண் சாதாரண காற்றழுத்தத்துக்கு உரியது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். குளிர்காலப் புயற்சின்னம் ஒன்று அருகில் இருந்து, கரையை நோக்கிக் காற்றும் வீசினால், அட்டவணை காட்டுவதைவிட நீர் உயரமாகவும் விரைவாகவும் வந்து சேரும்.

எல்லாக் கடலும் இப்படி இல்லைதான். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் வித்தியாசம் 16 மீட்டரைத் தொடுகிறது. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் 6 மீட்டர் என்பது இரண்டு மாடி வீட்டின் உயரம்.

என் பரிந்துரை: கடற்கரையை முதலில் வையுங்கள். காலை 9:30க்குத் தொடங்கினால் முதல் முனையை 10:20க்கும் இரண்டாவதை 11:10க்கும் கடப்பீர்கள். அப்போது கடல் வற்றிக்கொண்டிருக்கும். வற்றும் கடலோடு நடக்கும்போது குழு தாமதித்தால் வழி இன்னும் அகலமாகிறது. ஏறும் கடலோடு நடக்கும்போது ஒவ்வொரு நிமிடத் தாமதமும் வழியைக் குறுக்குகிறது.

பனிக்காடு

ஓதக்கணக்கு ஐயா சொன்ன கடற்கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் காட்டைப் பிற்பகலுக்குத் தள்ளுவதில் உள்ள இடரை அவர் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

50 பாகை அட்சரேகையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 8 மணி நேரம். 40 பாகையில் 9 மணி 20 நிமிடம். 60 பாகையில் 6 மணி நேரம்கூட முழுதாக இல்லை. 50 பாகையில் அன்றைய நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து பதினாறரை பாகைக்கு மேல் ஏறுவதில்லை. திறந்த கரையில் 4 மணி வரை வெளிச்சம் இருக்கும். அதற்குப் பின்னும் அரை மணிக்குச் சற்று மேல் அந்திவெளிச்சம் நிற்கும். ஊசியிலை மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் 3 மணிக்கே வேர் எது, நிழல் எது என்று பிரித்தறிய முடியாது. இடறி விழுந்து கணுக்கால் பிசகியவரை 2 கிலோமீட்டர் தாங்கிக்கொண்டு வந்த அனுபவம் எங்கள் குழுவுக்கு உண்டு. அது நடந்தது பிற்பகல் 3:15க்கு.

ஆகவே மாற்று வழி ஒன்றைச் சொல்கிறேன். 8:15க்கே காட்டில் தொடங்குங்கள். 10:15க்குக் காட்டை முடித்துவிட்டு, வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் இறங்குங்கள். கடலையும் மதிக்கலாம், காட்டையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம்.

ஓதக்கணக்கு

நல்ல மாற்றுத்தான், நானும் அதை எண்ணிப் பார்த்தேன். தயங்கியதற்குக் காரணம் இரண்டு. அதிகாலையில் பனி உறைவது காட்டுப் பள்ளங்களில்தான். கடல்நீர் நிலத்தைவிட மெல்லக் குளிர்வதால் கரையோரம் அதே நேரத்தில் ஓரிரு பாகை வெதுவெதுப்பாக இருக்கும். 8:15க்கு உறைந்த வேர்களின் மேல் 68 வயதுப் பெரியவரை நடத்திச் செல்வது நல்லதல்ல. இரண்டாவது, 17 பேர் கொண்ட குழு 8:15 என்றால் 9 மணிக்குத்தான் நகரும். அந்த முக்கால் மணி நேரத் தாமதத்தைக் காட்டில் இழந்தால், அதற்கான விலையைக் கடலோரத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். காட்டிலிருந்து வெளியேற இடையில் வழிகள் இருக்கின்றனவா என்பதைக் கானல்நடை சொன்னால் முடிவுக்கு வரலாம்.

கானல்நடை

காட்டுப் பாதையில் இரண்டு இடங்களில் வண்டிச்சாலைக்குப் பிரியும் கிளைப்பாதைகள் உள்ளன. முதலாவது காட்டுக்குள் நுழைந்து ஒன்றரை கிலோமீட்டரில், இரண்டாவது மூன்றரை கிலோமீட்டரில். இரண்டாவதில் பிரிந்தால் கடைசி ஒன்றரை கிலோமீட்டர்க் காட்டைத் தவிர்த்துச் சமமான சாலையிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடலாம்.

பனிக்காடு

அப்படியென்றால் என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். நடுவில் விட்டு வெளியேற முடியாத பகுதியை முதலில், நல்ல வெளிச்சத்தில், உடலில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டாவது கிளைப்பாதையை 2:30க்குள் அடையாவிட்டால் யார் என்ன சொன்னாலும் அங்கேயே பிரிந்து விடுங்கள். அந்த நேரத்தைக் காலையிலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்று பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், இன்னும் கொஞ்சந்தானே என்ற குரல்தான் வெல்லும்.

மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். அது 1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்தது: மணிக்கு 3 மைல், அதன்மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். உடல்வலு உள்ளவர், நல்ல பாதை, நல்ல வானிலை என்று எண்ணி வகுத்த கணக்கு. இளகிய மணலில் நடக்கக் கெட்டித் தரையில் செலவாகும் ஆற்றலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவாகிறது. அலை நனைத்து இறுகிய ஈரமணலில் நடந்தால் பாதி களைப்பு மிச்சம்.

நெடுவழி

இந்த இழையைப் படித்தபோது ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது நினைவுக்கு வந்தது. எழுதலாமா என்று தயங்கினேன்; யாருக்காவது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு நடைக்குழுவோடு இதே போன்ற கரையில் சென்றிருந்தோம். ஒருங்கிணைத்தவர் நல்ல மனிதர், அந்தக் கரையைப் பலமுறை நடந்தவர். ஆனால் கோடையில் நடந்தவர். வழியில் ஒரு பாறைக் குகை. எல்லோரும் உள்ளே போய்ப் படம் எடுத்தோம். முனையை அடைந்தபோது நீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. கடந்துவிடலாம் என்று முன்னே சென்றவர்கள் இறங்கினார்கள். பின்னால் வந்த நாங்கள் நால்வர் இறங்கும்போது முழங்கால். நடுவில் ஓர் அலை வந்து இடுப்பைத் தொட்டது. இடுப்புக்குக் கீழே எல்லாம் ஒரே நொடியில் மரத்துப்போய், மூச்சை இழுக்க முடியாமல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. குளிர்ந்த நீர் திடீரென்று மேலே படும்போது உடல் தன்னையறியாமல் மூச்சை வாரி இழுக்கும் என்பதும், தலை நீருக்குள் இருந்தால் அந்த ஒரே மூச்சில் நீர் உள்ளே போய்விடும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

என் பக்கத்தில் வந்த அக்கா என் தோள்பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியின் இறுக்கம் இன்னும் என் தோளில் இருக்கிறது. எல்லோரும் கரையேறினோம், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு 5 கிலோமீட்டர் நனைந்த கால்சட்டையோடு காற்றில் நடந்தோம். இருவரைச் சாலையிலிருந்து வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

முன்னே போனவர்களுக்குக் கணுக்கால், பின்னே வந்தவர்களுக்கு இடுப்பு. குழுவாக நடக்கும்போது வழி திறந்திருக்கிறதா என்பதைக் கடைசி ஆளின் நேரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 17 பேர் நீண்டு நடந்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே எளிதாகப் பத்து நிமிடம் விழும்.

கானல்நடை

இதை எழுதியதற்கு மனமார்ந்த நன்றி, நெடுவழி. கடற்கரையே முதலில் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். சூரியன் மறைவதைத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்த பிறகு அங்குள்ள கூழாங்கல் மேட்டிலிருந்து பார்க்கலாம் என்றார். அது ஏற்றத்திலும் நீர் தொடாத உயரம்.

முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இருவரை அமர்த்தப் போகிறேன்.

நெடுவழி

மலையேற்றக் குழுக்களில் கடைசியில் வருபவரை ஸ்வீப் என்பார்கள். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. அந்தப் பொறுப்பைக் குழுவிலேயே மிகப் பொறுமையானவரிடம் கொடுங்கள். வேகமாக நடப்பவருக்கு அது தண்டனையாகிவிடும், அவர் தம்மையறியாமலே முன்னே இருப்பவரை விரட்டுவார். நிற்கும் இடங்களில் கடைசி ஆள் வந்து சேர்ந்த உடனே கிளம்பிவிடாதீர்கள். ஓய்வு மிகவும் தேவைப்படுபவர் அவர்தான். முன்னே வந்தவர்கள் பத்து நிமிடம் இளைப்பாறியிருக்க, அவருக்கு மட்டும் ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

செவிலி

செவிலியாகப் பணியாற்றுகிறேன், குளிரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பூச்சியத்துக்குக் கீழே போனால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால், கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச் சூத்திரப்படி திறந்த தோலுக்கு அது −1 பாகை போல இருக்கும். திறந்த கரையில் அந்தக் காற்று அரிதல்ல. உடை நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவதையே உடல்வெப்பக் குறைவு என்கிறோம். ஆனால் நடைவழியில் யாரும் வெப்பமானியை வைத்து அளக்கப் போவதில்லை. கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சைக் குறைத்துவிடுவார். கையுறையைக் கழற்றிப் பொத்தானைப் போட முடியாமல் தடவுவார். சமதரையில் இடறுவார். பேச்சு குழறும். கேட்டால், எனக்கு ஒன்றுமில்லை, போகலாம் என்பார். அந்தப் பதிலை நம்ப வேண்டாம். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது நல்ல செய்தி அல்ல. உடனே அவசர உதவியை அழைக்க வேண்டிய நேரம் அது.

சிறுவர்களுக்கு உடலின் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம், அதனால் விரைவில் குளிர்வார்கள். வயதானவர்களுக்குக் குளிர்வதே தாமதமாகத்தான் உறைக்கும். ஆகவே கானல்நடை அவர்களே, தங்கள் தாயாரையும் அந்தக் குழந்தையையும் மணிக்கு ஒருமுறை அருகில் சென்று, முகத்தைப் பார்த்து, கையைத் தொட்டுப் பாருங்கள்.

உடையைப் பற்றிச் சுருக்கமாக: தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, இடையில் சூட்டைப் பிடித்துவைக்கும் அடுக்கு, மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் சட்டை. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வீட்டு வாசலிலேயே வெதுவெதுப்பாக இருந்தால் முதல் ஏற்றத்திலேயே வியர்த்துவிடும். மாற்றுக் கையுறையும் மாற்றுக் காலுறையும் நீர்புகாப் பையில். ஃபிளாஸ்க்கில் இனிப்பான சூடான பானம். மது வேண்டவே வேண்டாம். தோலின் குருதிக்குழாய்களை விரித்து, சூடு ஏறுவது போலத் தோன்றச் செய்துகொண்டே உடலின் உள்வெப்பத்தை வெளியே கொட்டிவிடும்.

பனிக்காடு

கைபேசியையும் உள்சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். குளிரில் மின்கலம் சட்டென்று அணைந்துவிடும். ஆளுக்கொரு தலைவிளக்கும் தேவை, பகலில் திரும்பிவிடும் திட்டமாக இருந்தாலும்.

வலசை

நடையின் பாதுகாப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்தக் கரையில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்காக நான் ஒரு சொல் சொல்ல வேண்டும்.

குளிர்காலத்தில் இத்தகைய கரைகளுக்கு வரும் உள்ளான்கள் பல, ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு வந்தவை. பட்டைவால் மூக்கன் என்னும் பறவையின் முதலாண்டுக் குஞ்சு ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்தது. அதன் முதுகில் பொருத்திய கருவி வழியாக அது பதிவாயிற்று. அப்படிப்பட்ட உயிர்களுக்குக் குளிர்காலப் பகல் என்பது இரை தேடும் நேரம். கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்றிலும் மணலிலும்தான் அவற்றின் உணவு. ஏற்றத்தின்போது உணவுத்தளம் நீருக்குள் போய்விடுவதால் கரையின் உயரமான இடங்களில் நெருக்கமாக நின்று ஓய்வெடுக்கும். ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு நிற்கும் அந்தக் கூட்டத்தைப் படம் எடுப்பதற்காக நெருங்கிப் பறக்கவைத்தால், அவை ஒவ்வொரு முறையும் இரையாகத் தின்று சேர்த்த ஆற்றலைச் செலவிடுகின்றன. குளிர் கடுமையான நாட்களில் அந்த இழப்பை ஈடுகட்டப் பகல் போதாது.

தாங்கள் வற்றத்தில் நடப்பதால் பறவைகள் நீரோரமாகப் பரவி இருக்கும். அலை ஒதுக்கிய பாசி வரிசைக்கு மேற்புறமாக நடந்தால் பெரிதும் தொந்தரவு இராது. தலைகளை நிமிர்த்தி நடையைத் தொடங்கினால் அவை தங்களைக் கவனித்துவிட்டன என்று பொருள், அங்கேயே நில்லுங்கள். நாய்களைக் கயிற்றில் பிடியுங்கள். மாலையில் கூழாங்கல் மேட்டில் உட்காரப் போவதாகச் சொல்கிறீர்கள். ஏற்ற நேரம் என்பதால் அங்கே பறவைகள் ஒதுங்கியிருக்கக்கூடும். முதலில் தொலைநோக்கியால் பார்த்துவிட்டு அவை இல்லாத பக்கமாக அமருங்கள்.

உலகெங்கும் நீர்ப்பறவைகளை எண்ணும் பன்னாட்டுக் கணக்கெடுப்பு 1967 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தங்கள் குழுவில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் அடுத்த ஜனவரியில் சேர்ந்துகொள்ளலாம்.

மரம்பார்

குளிர்காலக் காட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று எண்ணி யாரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிறிது எழுதுகிறேன்.

இலை உதிர்ந்த மரத்தை அதன் மொட்டைக் கொண்டு அறியலாம். பீச் மரத்தின் மொட்டு மெலிந்து நீண்டு ஊசிபோல இருக்கும். ஐரோப்பிய ஆஷ் மரத்தின் மொட்டு கரிபூசியது போலக் கறுப்பு. இளம் பீச்சும் ஓக்கும் காய்ந்த பழுப்பிலைகளை உதிர்க்காமல் வசந்தம் வரை பிடித்துக்கொண்டிருக்கும். காற்று வீசும்போது அவற்றின் சரசரப்பு மட்டும் தனியே கேட்கும். ஐவிக் கொடி மற்றவையெல்லாம் பூத்து முடிந்த பின் இலையுதிர்காலத்தில் பூத்து, குளிர்காலக் கடைசியில் கனி தருகிறது. வேறு இரை அருகிப்போன நாட்களில் பறவைகளுக்கு அது உதவுகிறது.

நீண்ட நேரம் ஒரு பறவைகூடக் கண்ணில் படாமல், திடீரென்று ஒரே மரத்தில் இருபது முப்பது சிறு குருவிகள் கீச்சிடும். குளிர்காலத்தில் பலவகைப் பட்டாணிக் குருவிகள் ஒன்றுசேர்ந்து கலப்புக் கூட்டமாக இரை தேடும். அந்தக் கூட்டத்தில் உச்சந்தலையில் மஞ்சள் கோடு உள்ள, 5 அல்லது 6 கிராம் மட்டுமே எடையுள்ள குருவி ஒன்றும் இருக்கலாம். அசையாமல் நின்றால் தலைக்கு மேலேயே வந்து போகும்.

பலத்த காற்று வீசும் நாளில் மட்டும் பெரிய பழைய மரங்களின் கீழ் உணவுக்கு உட்கார வேண்டாம்.

அலையோசை

ஒரு சிறு கேள்வி. காற்று வீசும் திசையைப் பார்த்துச் சுற்றின் திசையை முடிவு செய்வதுதானே வழக்கம்? இங்கே யாரும் அதைச் சொல்லவில்லையே?

ஓதக்கணக்கு

காற்று முகத்தில் அடித்தால் களைப்பு, அவ்வளவுதான். முனையில் நீர் அடைத்தால் வழியே இல்லை. முதலில் கடல், பிறகு வெளிச்சம், அதற்கும் பிறகு காற்று என்று பாருங்கள். கரையை நோக்கி அடிக்கும் புயற்காற்று மட்டும் விதிவிலக்கு. அன்று கரைநடையே வேண்டாம், காட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கானல்நடை

நடை முடிந்து நேற்று வீடு திரும்பினோம். இங்கே நேரம் ஒதுக்கி எழுதிய ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

9:30க்குக் கிளம்ப முடியவில்லை. கிளம்பும் நேரத்தில் ஒரு நண்பரின் பூட்ஸின் அடித்தோல் முழுவதும் பிளந்து வாய்போலத் திறந்துகொண்டது. வாங்கிப் பத்து ஆண்டுகள், பெரும்பாலும் அலமாரியிலேயே இருந்தது. மேற்புறம் புதிது போலப் பளபளத்தது. உள்ளே இருந்த பாலியூரித்தேன் அடுக்கு காற்றின் ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, விரலால் தொட்டால் பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது. கயிற்றாலும் ஒட்டுநாடாவாலும் அதைச் சுற்றிக் கட்டிவிட்டுக் கிளம்பியபோது 9:55. மனம் பதறியது. அப்போதுதான் ஓதக்கணக்கு ஐயா எழுதியதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது. 25 நிமிடம் தாமதித்து 10:50க்கு முதல் முனைக்கு வந்தோம். நீர் திட்டமிட்டதைவிட இன்னும் தள்ளியே இருந்தது. 11:45க்கு இரண்டாவது முனை. அங்கே கடைசி ஆளாக வந்த ஸ்வீப் அண்ணனின் பூட்ஸ்கூட நனையவில்லை.

பாறையில் நடக்கும்போது ஒன்றைக் கவனித்தோம். பச்சைப் பாசி படிந்த பாறை எண்ணெய் தடவியது போல வழுக்கியது; கொட்டலசு ஒட்டிச் சொரசொரத்த பாறையில் கால் நன்றாகப் பிடித்தது. சிறுமி அதைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் வழிகாட்டிக்கொண்டே போனாள்.

அவளைப் பற்றித்தான் இன்னும் சொல்ல வேண்டும். கரையில் ஓயாமல் பேசியவள் காட்டுக்குள் முதல் கிளைப்பாதையைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். களைப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு முறை இடறினாள். செவிலி அக்கா எழுதியது நினைவுக்கு வந்து கையைத் தொட்டேன். பாறைக் குட்டையில் நனைந்த கையுறையை அவள் யாரிடமும் சொல்லாமல் அப்படியே அணிந்திருந்தாள். விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. கையுறையை மாற்றி, அவளுடைய கைகளை அவள் அம்மா தம் அக்குளில் வைத்துக்கொள்ள, ஃபிளாஸ்க்கிலிருந்து சூடான பானம் கொடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் பேச ஆரம்பித்தாள். இரண்டாவது கிளைப்பாதைக்கு வந்தபோது மணி 2:35. இருவர், இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்தானே, அந்தப் பகுதிதான் மிக அழகு என்றார்கள். காலையில் 2:30 என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்ததால் வாக்குவாதம் நீளவில்லை. சாலைக்குப் பிரிந்துவிட்டோம்.

3:20க்குக் கூழாங்கல் மேட்டுக்கு வந்தோம். வலசை சொன்னபடி முதலில் தொலைநோக்கியால் பார்த்தோம். மேட்டின் வடகோடியில் ஒரு கூட்டம் ஒதுங்கியிருந்தது. நாங்கள் தென்கோடிக்குப் போனோம். எங்களுக்கு முப்பது அடி தொலைவில் கல்திருப்பி உள்ளான்கள் ஏழெட்டு, பாசிக் குவியலில் அலகைச் செருகிக் கம்பளத்தைச் சுருட்டுவது போலப் பாசியைப் புரட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் அசையாததால் அவை எங்களைப் பொருட்படுத்தவில்லை. அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். காலையில் நாங்கள் ஈரம் படாமல் சுற்றிவந்த முதல் முனை அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. அதன் அடியில் மணலே இல்லை. வெள்ளை நுரைதான் பாறையின் பாதி உயரம் வரை ஏறி ஏறி இறங்கியது. நெடுவழி எழுதிய தோள்பைப் பட்டையை நினைத்துக்கொண்டேன்.

செவிலி

குழந்தையின் விரல்கள் இப்போது எப்படி இருக்கின்றன? கொப்புளமோ, மரத்த உணர்வோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கானல்நடை

நன்றாக இருக்கிறாள் அக்கா, அன்று மாலையே விரல்களில் நிறமும் உணர்வும் முழுதாகத் திரும்பிவிட்டன. அடுத்த நடைக்கு இரண்டு சோடிக் கையுறை எடுத்துக்கொள்வதாக அவளே சொன்னாள்.

அந்த நடையை நேற்று நடந்ததிலிருந்து சரியாக ஒரு வாரம் கழித்து வைத்திருக்கிறோம். ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், அன்று வற்றம் மாலை 5:30 அளவில் வருகிறது. காலை 11 மணிக்கு மேல் மாலை வரை கடல் வற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த முறை காடு முதலில், கடற்கரை பிறகு. முனைகளே இல்லாத, பின்னால் எங்கு வேண்டுமானாலும் மேடேற வழியுள்ள அகன்ற மணற்கரை ஒன்றைத் தேர்ந்திருக்கிறேன். சூரியன் மறையும்போது அம்மா நீர் விலகிச் சென்ற ஈரமணலிலேயே நிற்கலாம். ஓதக்கணக்கு ஐயா அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துச் சொன்னால் குழுவுக்கு அறிவித்துவிடுவேன்.